பிட்கோஷ்ச் போன கதை: கோலூன்றிப் பாயும் பிள்ளைகளைப் பார்க்க ஒரு கிழமை

பதிவு 1: வந்து சேர்ந்தோம்

நேற்றிரவு சூரிச்சில் ரெயின் ஏறி, விடியப் பேர்லினில் இறங்கி, பொஸ்னானில் மாறி, பின்னேரம் போலந்தின் பிட்கோஷ்ச் வந்து சேர்ந்தோம். நானும் சின்னவளும் மட்டும். பெரியவனுக்கும் தகப்பனுக்கும் பிரிட்ஜில் ஒரு கிழமைச் சாப்பாடு பெட்டி பெட்டியாக இருக்கிறது. பெயர் ஒட்டியும் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ரிக்கெற் எடுக்கும்போது எழுதிக் காட்டித்தான் எடுத்தேன். கடைசியில் வரும் அந்த 'ஷ்ச்' தும்மல் வருவது போல வந்து நின்றுவிடுகிறது. சின்னவள் முதல் தடவையே சரியாகச் சொன்னாள். சுவிஸில் பிறந்த நாக்கு.

ஏன் இங்கே என்று கேட்பவர்களுக்கு: 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக மெய்வல்லுநர் போட்டி 2016 ஜூலை 19 முதல் 24 வரை இங்கே நடக்கிறது. முதலில் இது ரஷ்யாவின் கசான் நகருக்குக் கொடுத்த போட்டி. போன நவம்பரில் ஊக்கமருந்து விவகாரத்தில் ரஷ்யச் சங்கத்தை இடைநிறுத்தியபின், போலந்துக்கு மாற்றினார்கள். இந்த ஊருக்கு இது புதிதல்ல. 2008இலும் இதே போட்டியை இதே மைதானத்தில் நடத்தியிருக்கிறார்கள்.

உண்மைக் காரணம் வேறு. சின்னவளுக்குப் பதினாலு வயது. இரண்டு வருடமாகக் கோலூன்றிப் பாய்கிறாள். ஈஸ்டருக்குப் பிறகு அவளால் பாய முடியவில்லை. காயம் ஒன்றும் இல்லை. ஓடி வருவாள், வடிவாக ஓடி வருவாள். கடைசி இரண்டு அடியில் கோலை, மெத்தைக்கு முன்னால் நிலத்தில் பதித்திருக்கும் பெட்டிக்குள் ஊன்றாமல் அப்படியே மெத்தைக்குள் ஓடிப்போய் நிற்பாள். திரும்ப வருவாள். திரும்பவும் அதே. மூன்று மாதமாக இதுதான். நான் ஒவ்வொரு செவ்வாயும் வேலிக்கரையில் நின்று பார்க்கிறேன். வீட்டில் இதைப் பற்றிக் கதைப்பதில்லை என்று ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவளுக்குத் தமிழ் வாசிக்க மெல்லமாகத்தான் வரும்.

பதிவு 2: தகுதிச் சுற்று

மைதானத்துக்கு ஸ்டிஸ்வாவ் கிஷிஷ்கோவியாக் என்று பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 3000 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் வென்றவர். ஊர் பெயரே பரவாயில்லை என்றாகிவிட்டது.

பெண்களின் தகுதிச் சுற்றுக்கு நாங்கள் வெள்ளனவே போய் இருந்துவிட்டோம். பாய்ச்சலைவிட அதற்கு முன் நடக்கிற வேலைகள் எனக்குப் பிடிக்கும். தொலைக்காட்சியில் இதெல்லாம் வருவதில்லை. உயரத்தைக் காட்டுவான், பாய்வதைக் காட்டுவான், அழுவதைக் காட்டுவான். அவ்வளவுதான்.

முதலில் கோல்கள் வரும். ஒவ்வொரு பிள்ளையும் நாலைந்து கோலை நீளப் பைக்குள் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறது. நாலு மீற்றருக்கு மேல் நீளம். இவற்றை விமானத்தில் ஏற்றுவது பெரிய பாடு என்று கோலூன்றுகிற ஆட்கள் எல்லோரும் சொல்லுவார்கள். அதனால் ஐரோப்பாவுக்குள் என்றால் வான் கூரையில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் நடுவிலேயே பிரேசிலின் ஃபபியானா மூரரின் கோல் ஒன்று காணாமல் போனது. அந்தப் பெண் ஓடுபாதையில் தேடித் திரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மற்றவரின் கோலை அவர் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. சம்மதம் கிடைத்தாலும் உதவாது. ஒவ்வொரு கோலிலும் நீளத்தோடு ஒரு எடையும் எழுதியிருக்கும், இறாத்தலில். இத்தனை இறாத்தல் ஆளுக்கு இந்தக் கோல் என்று கணக்கு. மெல்லிய கோலை எடுத்தால் அது அளவுக்கு மிஞ்சி வளைந்து ஆளைக் குறுக்குக் கம்பிலேயே கொண்டுபோய் விடும். கடுங்கோலை எடுத்தால் வளையாமல், வந்த வழிக்கே திருப்பித் தள்ளிவிடும். சின்னவளுக்கு ஒருமுறை இது நடந்தது. மெத்தைக்கு முன்னால், ஓடுபாதையிலேயே வந்து விழுந்தாள். எழும்பிச் சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை.

அப்புறம் அளவு நாடா. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அதை விரித்து, தான் ஓடத் தொடங்கும் இடத்தில் ஒரு அடையாளம் வைப்பார்கள். பயிற்சியாளர் வேலிக்கு வெளியே நின்று, கடைசி ஆறு அடி எங்கே விழுகிறது என்று பார்ப்பார். அரை அடி முந்தினாலும் பிந்தினாலும் கதை முடிந்தது. பிறகு நிலைக்கம்பங்கள். குறுக்குக் கம்பு பெட்டியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் பின்னால் இருக்கவேண்டும் என்று பாய்பவரே சொல்லவேண்டும், பூச்சியத்திலிருந்து எண்பது வரை. பதினேழு வயதுப் பிள்ளை மேசையில் இருக்கும் நடுவரிடம் போய் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வருவாள். தன் பயத்துக்கும் துணிவுக்கும் அவளே போட்ட கணக்கு அது என்று நான் நினைப்பதுண்டு. சின்னவளிடம் சொன்னேன். "அது கோலின்ர கணக்கு அம்மா" என்றாள்.

காற்று ஒரு பக்கமாக நிற்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் இருக்கிற காற்றுப் பையைப் பார்த்தபடி பிள்ளைகள் நிற்கிறார்கள். மணிக்கூடு ஒரு நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. நல்ல காற்று வரும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ஒரு பிள்ளை. எந்த நாடு, என்ன பெயர் என்று எழுத மாட்டேன். சிவப்புத் தலைமுடி நாடா கட்டியிருந்தாள். முதல் முயற்சி. ஓடி வந்தாள். நல்ல வேகம். கடைசி இரண்டு அடியில் கோல் இறங்கவில்லை. பெட்டிக்கு முன்னாலேயே நின்றுவிட்டாள்.

என் முழங்கையைச் சின்னவள் பிடித்தாள்.

இதற்கு ஒரு விதி இருக்கிறது. பெட்டியின் பின் விளிம்புக்கு அப்பால் உடம்போ கோலோ பட்டால் அந்த முயற்சி தவறு. அதற்கு முன்னால் நின்றுவிட்டால், நேரம் மிச்சம் இருக்கும்வரை திரும்பப் போய் ஓடலாம். அந்தப் பிள்ளை நாற்பது மீற்றரும் கோலைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினாள். மணிக்கூட்டில் பத்துப் பன்னிரண்டு விநாடி இருந்திருக்கும். மூச்சு வாங்கத் திரும்பவும் வந்தாள். இந்த முறை நிற்கவில்லை, ஊன்றவும் இல்லை. நேரே மெத்தைக்குள் ஓடினாள். சிவப்புக் கொடி.

இரண்டாவது முயற்சியிலும் அப்படியே. மூன்றாவதில் ஊன்றினாள், எழும்பினாள், குறுக்குக் கம்பை நெஞ்சால் தட்டிக்கொண்டு இறங்கினாள். அவ்வளவுதான். உலகப் போட்டிக்கு வந்து ஒரு உயரமும் இல்லாமல் போகிறாள். மற்ற விளையாட்டுகளில் கடைசியாக வந்தாலும் ஒரு நேரமோ ஒரு தூரமோ எழுதிக் கொடுப்பார்கள். இதில் பெயருக்கு எதிரே ஒன்றும் இராது.

அவள் கோல்களைப் பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, பையின் வாயைக் கட்டி, கட்டியது சரிவரவில்லை என்று அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள். பயிற்சியாளர் வேலிக்கு அப்பால் நின்று ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"அவவும்தான்" என்றாள் சின்னவள், சுவிஸ் ஜெர்மனில்.

நான் ஓம் என்றேன். ஒப்பந்தத்தை மீறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, அவவின்ர அம்மா எங்க இருப்பா?" என்று கேட்டாள். சுற்றிப் பார்த்தேன். வேலிக்கரையில் பயிற்சியாளர்கள் மட்டும்தான் நின்றார்கள். தாய் தகப்பன்மார் எல்லாம் எங்களைப் போல மேலே, எந்தக் கதிரையில் என்று தெரியாமல்.

பதிவு 3: போட்டி இல்லாத பொழுது

இன்று பெண்களின் கோலூன்றல் இல்லை. ஊர் சுற்றினோம். பிர்டா என்ற ஆறு நகரத்துக்கு நடுவால் போகிறது. கரையில் மரச்சட்டம் தெரியக் கட்டிய பழைய தானியக் களஞ்சியங்கள், ஒரு சின்னத் தீவில் பழைய ஆலைகள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் ஒரு மனிதன் நடந்து போகிறான். சிலைதான். 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது வைத்தார்களாம். காற்றுக்கு மெல்ல ஆடுகிறான், விழவில்லை. சின்னவள் பாலத்தில் நின்று அவனைக் கனநேரம் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கப் போனேன்.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கொஞ்சம் ஜெர்மன் தெரியும். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவரைக் கொடிக்கு நட்டிருந்த கொம்பைக் காட்டி "திச்கா" என்றார். போலந்து மொழியில் கோலூன்றும் கோலுக்கும் கொடிக்கு நடுகிற கொம்புக்கும் ஒரே சொல். எங்கள் வளவில் அப்பா பயற்றங்கொடிக்கு நட்ட பூவரசங் கொம்பெல்லாம் ஞாபகம் வந்தது.

பிறகு அந்த அம்மா குசினிக்குள் நின்று வலக்கையை மடக்கி, இடக்கையால் முழங்கை மடிப்பில் ஓங்கி அடித்துக் காட்டினார். சின்னவள் திகைத்துப் போனாள். ஐரோப்பாவில் இது மரியாதையான சைகை இல்லை. ஆனால் போலந்தில் அதற்குப் பெயரே 'கொசாகியேவிச் சைகை'தான். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் விசிலடித்துக் கூச்சலிட்ட சோவியத் கூட்டத்துக்கு, தங்கத்தை உறுதிசெய்த கையோடு வுவாடிஸ்வாவ் கொசாகியேவிச் காட்டிய சைகை. பிறகு 5.78 மீற்றர் பாய்ந்து உலக சாதனையும் வைத்தார். ஆக இந்த நாட்டில் கிழவிக்கும் கோலூன்றல் தெரியும்.

பெண்கள் பக்கமும் இவர்களுக்குக் குறைவில்லை. 2009 பேர்லின் உலகப் போட்டியில் தங்கம் அன்னா ரொகொவ்ஸ்காவுக்கு, வெள்ளியில் ஒன்று மொனிக்கா பிரெக்குக்கு. எல்லோரும் தங்கம் எதிர்பார்த்த ரஷ்யாவின் யெலேனா இசின்பயேவா அன்று ஒரு உயரமும் தாண்டவில்லை. நேற்றைய சிவப்பு நாடாப் பிள்ளைக்கு நடந்ததேதான். பதினொரு நாள் கழித்து சூரிச் லெற்சிகுருண்ட் மைதானத்தில் அதே இசின்பயேவா 5.06 மீற்றர் தாண்டினார். இன்றைக்கும் அதுதான் உலக சாதனை.

அன்று நாங்கள் அங்கே இருந்தோம். வேலையிடத்தில் யாரோ வேண்டாம் என்று கொடுத்த ரிக்கெற். சின்னவளுக்கு ஏழு வயது. பாதியில் நித்திரையாகி, சத்தத்துக்கு எழும்பி, அந்த அக்கா ஏன் மேலே இருந்து மெல்லமாக விழுகிறா என்று கேட்டாள். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ஊரில் நான் படித்த காலத்தில் பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கோலூன்றல் கிடையாது. பெடியன்கள் மூங்கிலை ஊன்றி மணல் குழிக்குள் விழுவார்கள், நாங்கள் இல்ல நிறத்தில் ரிபன் கட்டிக்கொண்டு கை தட்டுவோம். யாழ்ப்பாணம் மட்டும் அப்படி இருந்தது என்று நினைக்கவேண்டாம். பெண்களின் உலக சாதனையை அங்கீகரிக்கத் தொடங்கியதே 1992இல்தான். கனிஷ்ட உலகப் போட்டியில் சேர்த்தது 1998இல், ஒலிம்பிக்கில் 2000இல். இப்போது தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளைகள் பாய்கிறார்கள். அனித்தா ஜெகதீஸ்வரன் என்ற பெயரை ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் வெட்டி வைத்துவிடுவேன்.

பதிவு 4: இறுதி

சரி, முதலில் முடிவு: எங்கள் அஞ்செலிக்கா மோசர் தங்கம். 4.55 மீற்றர். இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே கூடிய உயரம்.

'எங்கள்' என்று எழுதிவிட்டு யோசித்தேன். பாஸ்போர்ட் சிவப்பு, அதனால் எங்கள்தான். சூரிச் கழகத்துப் பிள்ளை, பதினெட்டு வயது. 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் 4.36 தாண்டித் தங்கம், போன வருடம் சுவீடனில் ஐரோப்பியக் கனிஷ்டத் தங்கம், இப்போது இது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஜனவரியில் பின்லாந்தின் வில்மா முர்ற்றோ, பதினேழு வயதில், ஜெர்மனியில் ஒரு உள்ளரங்கப் போட்டியில் 4.71 தாண்டினார். சிட்னியில் பெண்களின் முதல் ஒலிம்பிக் தங்கத்துக்குப் போதுமாக இருந்த உயரம் 4.60. பதினாறு வருடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விட்டது.

இறுதிப் போட்டி தகுதிச் சுற்றைவிட நீளம். ஒரு உயரத்தில் எல்லோரும் முடிக்க வேண்டும், பிறகு கம்பை ஏற்ற வேண்டும், பிறகு திரும்பவும். நடுவில் வேறு ஓட்டப் போட்டிகள் நடக்கும், கூட்டம் எழும்பிக் கத்தும். கோலூன்றும் பிள்ளைகள் மட்டும் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார்கள். சில பிள்ளைகள் உயரங்களைத் தவிர்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். சக்தியைச் சேமிக்கலாம். ஆனால் உடம்பு குளிர்ந்துவிடும். எது நல்லது என்று எனக்கும் சின்னவளுக்கும் தர்க்கம். நான் தவிர்க்கக்கூடாது என்கிற கட்சி. கையில் ஒன்று இருக்கட்டும் என்று நினைக்கிற ஆள் நான், வங்கிக் கணக்கிலும் அப்படித்தான்.

மோசரின் ஓட்டத்தில் நான் பார்த்தது ஒன்றுதான். ஓடத் தொடங்கும்போது கோலின் நுனி மேலே நிற்கிறது. கிட்ட வர வர மெல்ல இறங்குகிறது, ஆள் இறக்குவது போலவே தெரியவில்லை. அது விழுகிறது, அவர் அதோடு சேர்ந்து ஓடுகிறார். பெட்டிக்கு வரும்போது கை தலைக்கு மேலே போயிருக்கிறது. சின்னவள் இதைப் பார்த்துக்கொண்டே தன் வலக்கையை மடியிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து காதுக்கும் கொண்டுபோனாள். பிறகு நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்தாள்.

4.55இல் கம்பு விழவில்லை. வெள்ளைக் கொடி. நான் யாழ்ப்பாணத்தில் கத்துவதுபோலக் கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்த சுவிஸ் ஆட்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் தாங்களும் கத்தினார்கள்.

பதிவு 5: சனிக்கிழமை

நேற்று முன்தினம் வியாழக்கிழமை வந்த செய்தியை எழுத மறந்துவிட்டேன். ரஷ்ய மெய்வல்லுநர்கள் அறுபத்தெட்டுப் பேரின் மேன்முறையீட்டை விளையாட்டு நடுவர் மன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அதில் இசின்பயேவாவும் ஒருவர். ரியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. 1999இல் முதலாவது உலக இளையோர் போட்டியை நடத்தியதும் இந்த ஊர்தான். பதினேழு வயது இசின்பயேவா அன்று 4.10 தாண்டித் தங்கம் எடுத்தது இங்கேதான். அதற்கு முந்திய வருடம் பிரான்சில் நடந்த கனிஷ்ட உலகப் போட்டியில் 4.00 தாண்டி ஒன்பதாவது. அவரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒரு நாட்டின் அமைப்பே பிழை செய்யும்போது தனி ஆளை வெளியே நிறுத்துவது சரியா என்றால், முழு மனதோடு ஓம் என்று சொல்ல எனக்கு வராது. சுத்தமாகப் பாய்ந்து நாலாவதாக வந்த பிள்ளைகளை நினைத்தால் இல்லை என்றும் சொல்ல வராது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். திரும்பவும் முழங்கையில் அடித்துக் காட்டினார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இன்று ஈட்டி எறிதல் பார்க்கத்தான் தங்கினோம், அதுவும் தற்செயலாக. இந்தியாவின் நீரஜ் சோப்ரா, பதினெட்டு வயது, இரண்டாவது எறிதலில் 86.48 மீற்றர். கனிஷ்ட உலக சாதனை. பழைய சாதனை 84.69. ஈட்டி போன உயரத்தைப் பார்த்து மைதானமே ஒருகணம் வாயை மூடிக்கொண்டது. ரியோவுக்கான தகுதி நாள் ஜூலை 11உடன் முடிந்துவிட்டதாம். பன்னிரண்டு நாள் பிந்தி எறிந்த குற்றத்துக்கு இவரும் வீட்டில் இருந்துதான் பார்க்க வேண்டும்.

சின்னவள் ஈட்டியைப் பார்க்கவில்லை. தூரத்தில் மடித்து மூடியிருந்த கோலூன்றும் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெத்தை தங்கள் கழகத்து மெத்தையைவிடப் பெரிதா, அதே அளவா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள்.

பதிவு 6: பொஸ்னானுக்குப் போகும் ரெயினில்

இதைக் கைத்தொலைபேசியில் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிய நிலையத்தில் ஒரு அணியைப் பார்த்தோம். பிள்ளைகள் பயணப் பைகளோடு. கோல்கள் இல்லை, அவை வேறு வழியால் போகும் போல. சிவப்பு நாடாப் பிள்ளை நின்றதாகச் சின்னவள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. ஏதோ சாப்பிட்டுக்கொண்டு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றாவாம்.

இப்போது சற்று முன்தான், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"செவ்வாய் பயிற்சிக்குப் போறன்."

"சரி. நான் கொண்டுபோய் விடுறன்."

"விடுங்கோ. ஆனா வேலிக்குக் கிட்ட வரவேண்டாம். காருக்குள்ளயே இருங்கோ."

"மழை வந்தால்?"

"கார் நனையாது அம்மா."

எங்கள் கழகத்துக் கார் தரிப்பிடத்தின் வலப்பக்க மூலையில் நிறுத்தினால், புதருக்கு மேலால் குறுக்குக் கம்பும் மெத்தையின் மேல் விளிம்பும் தெரியும். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.